கூடத்தில் குட்டிகள், கொட்டிலில் விசாலாக்ஷி

மைசூர் ராஜ்யம் தன் பெயரைக் கர்நாடகம் என்று மாற்றிக்கொண்ட மறுவருஷம், தேவராஜா மார்க்கெட்டில் காய்கறியோடு ஒரு வதந்தியும் விலைபோயிற்று. ஹெப்பாளுக்கு அப்பால் குதிரை வளர்க்கும் ஒரு ரிட்டயர்ட் ரயில்காரர், கட்டின மனைவியைக் கொட்டிலுக்குத் துரத்திவிட்டுக் குதிரைக்குட்டிகளைக் கூடத்தில் குடிவைத்திருக்கிறாராம். கொத்தமல்லிக்காரி சொன்னபோது செய்தி அவ்வளவுதான். பூக்கடைக்கு வருவதற்குள் குட்டிகளுக்குப் பட்டு மெத்தை போட்டாகிவிட்டது. கற்பூரக் கடையில் அந்த அம்மாளுக்குக் கொள்ளும் வைத்துவிட்டார்கள்.

நேரில் போய் விசாரித்தால், மெத்தை பொய், கொள்ளும் பொய். மற்றதெல்லாம் ஏறக்குறைய நிஜம். துரத்தியது யார் என்பதில்தான் மார்க்கெட் கோட்டைவிட்டிருந்தது.

ஜகதீசன் ரயில்வே யார்டில் பெட்டிகளைக் கோத்தும் கழற்றியும் காலம் தள்ளியவர். ஓய்வுபெற்றவர்கள் ராமாயணம் படிப்பார்கள், பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து அவனைப் பெயிலாக்குவார்கள். இவரோ ஜட்காக்காரர்களுக்கும் கல்யாண ஊர்வலக்காரர்களுக்கும் குதிரை வளர்த்து விற்கிறேன் என்று கிளம்பினார். காவேரி, கபினி, ஹேமாவதி என்று மூன்று பெட்டைகள். துரை என்று ஓர் ஆண்குதிரை. பெயருக்கேற்றாற்போல் வேலை சொற்பம், அதட்டல் அதிகம்.

போன வருஷக் குட்டிகள் பால் மறக்கவே இல்லை. அம்மா உயரத்துக்கு வளர்ந்த பிறகும் முட்டி போட்டுக் குடித்தன. தாய்கள் எலும்பாகிவிட்டன. வாங்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். இந்த வருஷமும் மூன்று குட்டிகள் பால் மறக்கும் வயதுக்கு வந்து நின்றபோது, மனைவி விசாலாக்ஷி காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்தத் தடவையும் மறக்கலேன்னா நான் பெங்களூருக்குப் பிள்ளையாத்துக்குப் போறேன். குதிரையா நானான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்கோ."

யோசித்துச் சொல்வதாக ஜகதீசன் பதில் சொன்னார். அது தப்பு என்று காப்பி ஆறின பிறகுதான் உறைத்தது.

அவள் போனால் அவரும் போக வேண்டும். தனக்குத் தானே சாதம் வடித்துக்கொள்ளத் தெரியாத மனிதர். போனால் குதிரைகளை விற்க வேண்டும். விற்றால், மகன் வீட்டில் தினம் விடிகாலையில் பால் பூத் வரிசையில் நின்றே மிச்ச ஆயுள் கழியும். ஆக, குட்டிகள் பாலை மறந்தால்தான் அவருக்குப் பிழைப்பு.

பால் மறக்கடிக்க, தாயும் குட்டியும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது, கனைப்பதைக் கேட்கவும் கூடாது. குட்டிகள் மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பயப்படாமல் இருக்கும். துரை பெட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தால் வேலி தாங்காது. இருந்ததோ மூன்று மூங்கில் பட்டிகள், மூன்றும் ஒட்டினாற்போல. புலியையும் ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஒரே பரிசலில் அக்கரை சேர்க்கச் சொன்ன கதைதான். இங்கே பரிசலும் ஓட்டை.

முதலில் மல்லப்பன் வைத்தியம் நடந்தது. கௌதள்ளியிலிருந்து வேலைக்கு வந்தவன். "எங்கூர்ல புள்ளைங்களுக்கு மார்ல வேப்பெண்ணெய் தடவுவாங்க சாமி. அதோட உட்ருமுங்க" என்றான். தடவினான். காவேரியின் குட்டி ஒரு வாய் குடித்து, மூஞ்சியைச் சுளித்து, மறுபடி குடித்தது. காவேரிக்குத்தான் எண்ணெய் பிடிக்கவில்லை. மல்லப்பன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஜகதீசனுக்கு உள்ளூரச் சந்தோஷம். இது வைத்தியம் இல்லை, ஷண்டிங், பெட்டிகளை லைன் மாற்றுகிற வேலை என்றார். சமையலறைக் கதவில் சாக்பீஸால் மூன்று பட்டிகளையும் லைன்களாகப் போட்டார். முதலில் துரை களத்துக்கு, பிறகு பெட்டைகள் கடைசி லைனுக்கு, குட்டிகள் முதல் லைனுக்கு, நடு லைன் காலி. கதவில் எல்லாம் கனகச்சிதமாக வந்தது. லைன் கிளியர் இல்லாமல் ஒரு குளம்பும் நகரக் கூடாது என்று மல்லப்பனுக்கு உத்தரவு.

மறுநாள் காலை, ரயில்வே நினைவாக வைத்திருந்த பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு களத்தின் நடுவில் நின்றார். நல்ல காற்று. துரை வெளியே வந்ததும் கொடியைப் படபடவென்று வீசினார்.

கொடியைக் கண்டால் புறப்படுவது கார்டும் டிரைவரும் உள்ள வண்டி. இந்த வண்டிக்கு இரண்டு பேரும் இல்லை, காது மட்டும் இருந்தது. துரை பின்னங்காலில் நின்று, நடுவேலியைக் கோலமாவுபோல் இறைத்துவிட்டு ஓடினான். பெட்டைகள் ஆளுக்கொரு திசை. மல்லப்பன் தொடை வலியை மறந்து புளியமரத்தில் இருந்தான். பதறிப்போன ஜகதீசன், நிறுத்தத்தானே சிவப்பு என்று சிவப்புக் கொடியையும் எடுத்து வீசினார். நின்றிருந்த ஒன்றிரண்டும் ஓடின.

குட்டிகள் மூன்றும் திறந்திருந்த வாசல் வழியாகக் கூடத்துக்குள் பாய்ந்தன. அரிசி புடைத்துக்கொண்டிருந்த விசாலாக்ஷி முறத்தைப் போட்டுவிட்டு, பின்னால் வந்த காவேரியின் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு சமையலறை வழியாக வெளியே வந்து பார்த்தாள். தாய்கள் வெளியே, குட்டிகள் உள்ளே, நடுவில் நல்ல செங்கல் சுவர். கதவில் போட்ட லைனில் வராத ஏற்பாடு தாழ்ப்பாளில் வந்திருந்தது.

ஜகதீசன் கொடியும் கையுமாகக் கதவைத் திறக்கப் போனார்.

"தொட்டேளோ, இன்னிக்கே பெங்களூர் பஸ்" என்றாள் விசாலாக்ஷி. "அதுகள் உள்ளேயே இருக்கட்டும். நான் கொட்டிலுக்குப் போறேன். அங்கேயாவது நிம்மதி."

சொன்னபடி ஜமுக்காளத்தோடு போனவள்தான். குட்டிகள் கூடத்தில் கத்தின, காலண்டரைத் தின்றன, கோரைப்பாயைத் தின்றன, கடைசியில் வேறு வழியில்லாமல் ஊறவைத்த கொள்ளையும் தின்றன. பெட்டைகளுக்குத் தவிடும் கொள்ளும் நிறுத்தினதில் மடி வற்றியது. திரும்ப எதிரெதிரே விட்டபோது காவேரி குட்டியை மோந்து பார்த்துவிட்டுப் புல்லுக்குப் போனாள். குட்டியும் போயிற்று.

பெங்களூர் பஸ் என்னவாயிற்று என்று ஜகதீசன் பயந்துகொண்டே கேட்டார். கூடத்தில் நாற்றம் போகும்வரை கொட்டிலை விட்டு எங்கும் வருவதாயில்லை, காப்பியை இங்கேயே கொண்டுவரலாம் என்றாள். அவர் கொண்டுபோகிறார். அதைத்தான் யாரோ வேலி வழியாகப் பார்த்து மார்க்கெட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் பாக்கி ஒன்று இருக்கிறது. வீட்டுச் சுவர் கண்ணை மறைத்ததே தவிரக் காதை மறைக்கவில்லை. அதனால் பெட்டைகள் மூன்றும் அந்த நாட்களில் அடுத்த நிலத்து பசவராஜின் மாட்டுக்கொட்டகையில் தங்கின. வாடகையாகப் பசவராஜ் தன் வெற்றிலைத் தோட்டத்துக்கு ஒரு வண்டிக் குதிரைச்சாணம் கேட்டிருந்தார். மூன்று குதிரைகளும் அங்கேயே தாராளமாகப் போட்டுவிட்டு வந்திருக்கின்றன, அதைக் கழித்தால் மீதி அரை வண்டிகூட வராது என்கிறார் ஜகதீசன். சத்திரத்தில் தங்கினவன் விட்டுவிட்டுப் போனது சத்திரத்துக்கு, அதை வாடகையில் கழிக்க எந்தச் சட்டத்தில் இடம் என்று கேட்கிறார் பசவராஜ். சாணம் ஏற்றிய வண்டி வேலியோரம் நிற்கிறது. இரண்டு பேரும் தினம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.