தம்பி காட்டிய தேவாலயங்கள்

தம்பி இறந்து மூன்றாம் வாரம் அவனுடைய மகள் ஜேர்மனியிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கப் போகிறார்களாம். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, சில தேவாரங்கள் எல்லாம் சேர்த்து முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். அதில் இரண்டு பக்கம் நான் எழுத வேண்டும் என்றாள்.

"பெரியப்பா, நீங்கள் இஞ்ச வந்து நிண்டபோது அப்பா பழைய சிற்றி முழுக்கக் காட்டினவர்தானே? அதை எழுதுங்கோ. அப்பா சேர்ச்சில ஒளிஞ்சிருந்த கதையையும் எழுதுங்கோ. உங்கட கடிதம் தபாலில துலைஞ்சதையும் போடுங்கோ. அதை அப்பா எல்லாருக்கும் சொல்லுறவர்."

எழுதுகிறேன் என்றேன். அவுஸ்திரேலியாவில், மல்கிரேவில் என் மேசையில் நான்கு நாட்கள் உட்கார்ந்தேன். நான்கு நாளும் கட்டடங்களைப் பற்றி மட்டும்தான் எழுத வந்தது.

கட்டடங்களைப் பற்றி எழுத நிறைய இருந்தது. ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் பேராலயத்தின் கற்கள் புகை பிடித்துக் கறுத்திருந்தன. அதற்கு இரண்டு தெரு தள்ளிச் சந்தைத் தேவாலயம். அதன் சுவர் ஆளுயரம் வரை கறுப்பு, அதற்கு மேல் வெளிர் மஞ்சள்.

"கறுப்பு மட்டும்தான் பழசு," என்றான் தம்பி. "மிச்சம் குண்டு விழுந்தாப் பிறகு கட்டினது. எல்லாம் எழுநூறு வருசம் எண்டுதான் புத்தகம் சொல்லும். நம்பாதையுங்கோ."

மூன்றாவது தேவாலயத்துக்குக் கூரையே இல்லை. போரின் நினைவாக அப்படியே விட்டிருந்தார்கள். தூண்களுக்கு நடுவில் புல் வளர்ந்திருந்தது. நான் வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்துவைத்து அவனுக்கு வாசித்துக் காட்டினேன். முப்பது வருடத்துக்கு மேல் அந்த நகரத்தில் சமையல்காரனாக வேலை செய்தவனுக்கு, முதல்நாள் வந்திறங்கிய நான்.

"அண்ணை, நீங்கள் சேர்ச்சைப் பாக்க வந்தனீங்களோ, சோதினைக்குப் படிக்க வந்தனீங்களோ?" என்றான். பிறகு, "கூரையில்லாத வீடு எங்கட பக்கமும் கனக்க இருக்கு. இவையள் எண்டால் ரிக்கெற் போட்டுக் காட்டுவினம்," என்று சிரித்தான்.

இவ்வளவும் சுகமாக எழுத முடிந்தது. நான்காவது தேவாலயத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அது சுற்றுலாக்காரர் போகாத ஒரு சந்தில் இருக்கும் சின்னத் தேவாலயம். தம்பி ஒளிந்திருந்தது அங்கேதான்.

அவனுடைய அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, திருப்பி அனுப்பும் உத்தரவு வந்தபோது, அந்தத் தேவாலயத்தின் போதகர் அவனை உள்ளே வைத்துக்கொண்டார். தேவாலயத்துக்குள் பொலிஸ் வராது. வாசலைத் தாண்டினால் பிடிப்பார்கள். பதினான்கு மாதம் அவன் வாசலைத் தாண்டவில்லை. அங்கிருந்து எனக்கு எழுதினான். ஊரில் ராணுவ முகாமில் எட்டு மாதம் அவனை அடைத்து வைத்திருந்ததை நான் கண்ணால் கண்டவன் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து அனுப்பச் சொன்னான். அதைக் காட்டினால் வழக்கைத் திரும்ப எடுப்பார்கள். ஒவ்வொரு வெள்ளியும் முகாம் வாசலுக்குச் சாப்பாடு கொண்டுபோனவன் நான்தான்.

அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்தபோது, சகோதரர் விபரம் கேட்ட இடத்தில் அக்காவின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். முகாமிலிருந்து வந்த தம்பி ஒருவன் இருப்பது தெரிந்தால் என் விசாவும் போய்விடும் என்று பயந்தேன். அவன் கடிதம் வந்தபோது என் குடியுரிமை விண்ணப்பம் முடிவாகாமல் இருந்தது. ஆனாலும் சத்தியக் கடதாசியைத் தட்டச்சு செய்தேன். சாட்சிக் கையெழுத்துக்கு மருந்துக்கடைக்குக் கொண்டுபோனேன்; இங்கே மருந்துக்கடைக்காரரும் அதைப் போடலாம். மருந்துக்கடைக்காரர் வாசித்துவிட்டு, "இவர் உங்களுக்கு என்ன உறவு? அதையும் எழுதுங்கள்," என்று பேனாவை நீட்டினார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். காருக்குள் உட்கார்ந்து கிழித்தேன்.

அடுத்த வாரம் தம்பி தொலைபேசியில் கேட்டான். "அனுப்பிப் போட்டன்," என்றேன்.

குடியுரிமை கிடைத்த பிறகாவது, பிரதி என்று சொல்லி ஒன்று அனுப்பியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. கடைசியில் ஒரு வைத்தியர் அவன் முதுகுத் தழும்புகளைப் பார்த்து எழுதிக் கொடுத்த அறிக்கைதான் அவனைக் காப்பாற்றியது.

அந்தச் சின்னத் தேவாலயத்தின் கதவைத் திறந்துவிட்டவர் போதகரின் மனைவி. இப்போது விதவை. எண்பது வயதுக்கு மேலிருக்கும். தம்பியைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தைத் தட்டினார். தம்பி என்னைத் தன் அண்ணன் என்று அறிமுகப்படுத்தினான். நான் சுற்றுலாக்காரனாகவே நின்றேன். மேலே கையைக் காட்டி, கோபுரத்தில் ஏறலாமா என்று தம்பியைக் கேட்கச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் நான் ஜேர்மன் படித்திருக்கிறேன். பேச வராது, கேட்டால் விளங்கும். தம்பிக்கும் அது தெரியும்.

அவர் சொன்னது இதுதான்: உங்கள் கடிதத்துக்காக இவர் ஒவ்வொரு நாளும் அந்த ஜன்னலடியில் நின்றார். கடிதம் இல்லாமலே வழக்கு இரண்டாம் தடவையும் தள்ளுபடியானது. அன்றைக்கு இவர் கோபுரத்தில் ஏறிவிட்டார். என் கணவர் பின்னால் ஏறி, விளிம்பில் நின்றவரோடு ஒரு மணி நேரம் பேசிக் கீழே கூட்டி வந்தார். அன்றிலிருந்து கோபுரம் பூட்டியே இருக்கிறது.

தம்பி என் பக்கம் திரும்பினான்.

"படி பழுதாம் அண்ணை. ஒருத்தரையும் மேல விடுறேல்லையாம்."

"அப்பிடியோ," என்றேன்.

வெளியே வந்து நீரூற்றுக்குப் பக்கத்திலிருந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். அவன் கோப்பி வாங்கி வந்தான். முக்கால் மணி நேரம் அங்கே இருந்திருப்போம். அவன் நீரூற்றையே பார்த்தபடி கோப்பியைக் குடித்தான். சொல்லுவதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் அவனிடம் நீரூற்று எந்த நூற்றாண்டு என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணை. புத்தகத்தில பாருங்கோ," என்றான்.

ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் எழுதித் தம்பியின் மகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அவன் இருக்கும்போது சொல்லாததை அவனுடைய கல்வெட்டிலாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவள் அழைத்தாள்.

"அந்த மனுசி சொன்னதை அப்பா மாத்திச் சொன்னவரோ?"

"ஓம்."

"உங்களுக்கு விளங்கும் எண்டு தெரிஞ்சும்?"

"ஓம் பிள்ளை."



"கோபுரக் கதை எங்களுக்குத் தெரியாது பெரியப்பா. அம்மாக்கும் தெரியாது. அப்பா ஒருநாளும் சொன்னதில்லை."

அதை நான் யோசிக்கவே இல்லை. என் பாரத்தை இறக்கும் அவசரத்தில், அவன் தன் பிள்ளைக்குத் தெரியாமல் காத்த ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"இதைப் போடேலாது. சேர்ச்சுகளைப் பற்றி எழுதினதைப் போடுறன். கடிதத்தை அப்பா சொன்ன மாதிரியே போடுறன்."

"உம்மட விருப்பம் பிள்ளை."

"என்ர விருப்பம் இல்லை. அப்பான்ர."

கல்வெட்டு போன மாதம் தபாலில் வந்தது. பேராலயம் இருக்கிறது, கூரையில்லாத தேவாலயம் இருக்கிறது, தம்பியின் பகிடிகளும் இருக்கின்றன. அண்ணன் அவுஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய சத்தியக் கடதாசி துரதிர்ஷ்டவசமாகத் தபாலில் தொலைந்துவிட்டது என்றும் இருக்கிறது. கட்டுரையின் கீழே என் பெயர். என் மனைவி அதை வாசித்து அழுதுவிட்டுச் சாமியறையில் வைத்தாள். முருகன் கோயிலுக்கு வந்த ஒருவர் இரவல் வாங்கிப்போய், "என்ன மாதிரி எழுதியிருக்கிறியள்," என்று என் கையைப் பிடித்தார். நன்றி என்று சொன்னேன்.