இடைவேளை வரைக்கும்தான் சொல்லுவோம்

டிரைலர் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போகலாமா, பார்க்காமலே போகவேண்டுமா என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். கேட்க எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஐம்பதுகளின் கடைசியில் தென்காசிக்கு டிரைலரே நான்தான். டிரைலர் சுருள் எல்லாம் பெரிய ஊர்க் கொட்டகைகளோடு நின்றுவிடும். எங்கள் தகரக் கொட்டகைக்குப் படப்பெட்டி ஒழுங்காக வந்து சேர்வதே பெரும்பாடு. அதனால் ஒற்றை மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் போஸ்டர் ஒட்டிய தட்டி கட்டி, முன்னால் ஒருவர் மேளம் அடிக்க, தகரக் குழாயை வாயில் வைத்துக் கதையைக் கத்திக்கொண்டு, கலர் நோட்டீசை வீசிக்கொண்டு நான் போவேன். இதற்கு விளம்பர வண்டி என்று பெயர். எனக்கு ஊரில் வைத்த பெயர் நோட்டீஸ்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே முதலாளி ஒரு நிபந்தனை போட்டார். எந்தப் படமானாலும் நான் இடைவேளை வரைக்கும்தான் பார்க்கவேண்டும். மணி அடித்ததும் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும்.

"ஒன் வாய் ஓட்டவாய்லே. தெரிஞ்சா சொல்லிப்போடுவ. தெரியாம இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனால் வாங்கிய கதையை நாலு பேரிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே எத்தனையோ வருஷம் பாதிப் படமாகவே பார்த்தேன். எத்தனை கதாநாயகிகளுக்குக் கடைசியில் கல்யாணம் ஆயிற்று, எத்தனை பேர் ஆற்றில் விழுந்தார்கள், எனக்குத் தெரியாது. படம் விட்டு ஜனங்கள் பேசிக்கொண்டு வரும் நேரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்று நழுவிவிடுவேன். இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அன்று அது எனக்குத் தொழில் சுத்தம்.

1. எண்ணெய்க் கை

ஒரு வருஷம் ஆனி பிறந்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் லாட்ஜ் எல்லாம் நிரம்பி, வீட்டு முற்றத்தையெல்லாம் வாடகைக்கு விட்டார்கள். சீசன் கூட்டம் காலையில் அருவியில் குளிக்கும், சாப்பிட்டுத் தூங்கும், சாயங்காலம் தென்காசிக்கு வண்டி பிடித்துப் படத்துக்கு வரும். அதுதான் வழக்கம். அந்த வருஷம் எங்கள் கொட்டகையில் அண்ணன் தம்பிக் கதை ஒன்று. தம்பி செய்த குற்றத்தை அண்ணன் தன் தலையில் போட்டுக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறான். பல வருஷம் கழித்துத் தாடியும் மீசையுமாய் வந்து, தம்பி வீட்டிலேயே சமையல்காரனாகச் சேருகிறான். தம்பிக்கு அடையாளம் தெரியவில்லை. நல்ல படம். முதல் மூன்று நாள் உள்ளூர்க்காரர்களே நிரப்பினார்கள். ஆனால் சனிக்கிழமை வரவேண்டிய குற்றாலக் கூட்டத்தைக் காணோம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் சரியாகக் கத்தவில்லை என்று அவருக்குச் சந்தேகம். அடுத்த சனிக்கிழமையும் இதே கதி என்றால் வண்டியை நிறுத்திவிட்டுத் தட்டி மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். வண்டி நின்றால் எனக்கு வேலை இல்லை. அப்போதுதான் எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம்.

மறுநாள் காலையிலேயே வண்டியைக் குற்றாலத்துக்கு ஓட்டச் சொன்னேன். கடைத்தெருவில் நின்று, "தம்பி வீட்டில் அண்ணன் சமையல்காரன்! தம்பி அறிவானா? தர்மம் வெல்லுமா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஈரத் துண்டோடு நின்ற ஒருவர் நோட்டீசை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"முழுக் கதையும் தெரியும்வே. மாடசாமிகிட்ட எண்ணெ தேச்சாச்சு" என்றார்.

எனக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாடசாமி அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். என் வயதுதான் இருக்கும். சீசனில் அவர் கைக்குத் தனி மவுசு, ஜனங்கள் காத்துக் கிடப்பார்கள். அவரைத் தேடிப் போய், நானும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கல்லில் படுத்தேன்.

உச்சந்தலையில் எண்ணெயை வைத்துத் தட்டினார். எண்ணெய் இறங்கும் என்று கண்ணை மூடச் சொன்னார். பிறகு கதையை ஆரம்பித்தார். அடடா, என்ன வாய் அது! அண்ணனைப் போலீஸ் இழுத்துப் போகும்போது தோளைப் பிடித்து இழுக்கிறார். ஜெயிலில் அடி விழும் இடத்தில் என் முதுகில் அடி விழுகிறது. நான் பார்த்த பாதிப் படத்தைவிட அவர் சொன்ன பாதி நன்றாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வைர மாலையைக் காணோம், சமையல்காரனைத் தம்பி சந்தேகப்படுகிறான் என்ற இடம் வந்தது. அங்கேதான் இடைவேளை. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் யார் என்று சொன்னதும் மாடசாமிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. முதல் நாள் முதல் ஆட்டத்துக்குத் தென்காசிக்கு நடந்தே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வாரம் முழுக்க அதைச் சொல்லித்தான் தொழில் செய்கிறேன் என்றார்.

"கத சொன்னாத்தான் ஒடம்பு இளகும்வே. கத இல்லன்னா எல்லாரும் வெறச்சிக்கிட்டுக் கெடப்பாவ. வெறச்ச ஒடம்புல நான் என்னத்தத் தேய்க்க?"

அவர் தொழிலுக்கு அது நியாயம். என் தொழிலுக்கு அது நாசம். என் வேலை போகப்போவதை ஒளிக்காமல் சொன்னேன். மாடசாமி தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, அவரும் இடைவேளை வரைக்கும்தான் சொல்லுவது என்று முடிவாயிற்று. "குற்றாலநாதர் மேல ஆணை, இந்தப் படத்துக்கு முடிவச் சொல்ல மாட்டேன்" என்று எண்ணெய்க் கையால் என் கையில் அடித்துக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் கொட்டகை வாசலில் நான் பார்த்த கூட்டத்தை எப்படிச் சொல்ல! தலை துவட்டக்கூடப் பொறுமை இல்லாமல் குற்றாலத்து ஜனம் வந்து இறங்கியது. வைர மாலையை யார் எடுத்தது என்று வரிசையில் நின்றே சண்டை போட்டார்கள். முதலாளி என்னைத் திட்டவில்லை. அவர் பாராட்டுகிற விதம் அதுதான். படத்தை இன்னும் சில நாள் ஓட்டிவிட்டு, பெட்டியைச் செங்கோட்டையில் இருந்த தன் இன்னொரு கொட்டகைக்கு அனுப்பினார். அவரும் கூடவே போய்விட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

2. ஆலங்குளத்து வாத்தியார்

பெட்டி போன மூன்றாம் நாள். அடுத்த படத்துக்குத் தட்டியில் பசை தடவிக்கொண்டிருந்தேன். சாரலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மாடசாமி நடந்து வந்தார். முகம் சரியில்லை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

ஆலங்குளத்துப் பக்கம் வாத்தியார் ஒருவர், இடது கையும் காலும் பக்கவாதத்தில் விழுந்தவர். குற்றாலத்தில் வீடு பிடித்து ஒரு மண்டலம் எண்ணெய் தேய்க்க வந்திருக்கிறார். கூட அவர் தம்பி சங்கரன் மட்டும். மாடசாமிதான் தினமும் வீட்டுக்குப் போய்த் தேய்க்கிறவர். அந்தப் படத்தின் கதையை நாளுக்குக் கொஞ்சமாக அவரிடம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். இடைவேளைக் கட்டம் வந்த அன்றுதான் நான் போய்ச் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் வாத்தியார், "பெறவு?" என்று கேட்டிருக்கிறார். நாக்கு குழறும், ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வருமாம். மாடசாமி பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் "பெறவு?"தான். கொட்டகைக்கு வந்து பார்க்கலாம் என்றால் வாத்தியாரால் கால்மணி நேரம்கூடச் சாய்ந்து உட்கார முடியாது. தம்பி வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லலாம் என்றால், அண்ணனை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் நகர முடியாது. சங்கரன் பாட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதிலும் கதைச் சுருக்கம் வைர மாலையோடு நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருந்தது. வாத்தியார் அதைத் தூக்கி எறிந்துவிட்டாராம்.

"நாளைக் காலையில ஊருக்குப் போறாவ. ஒடம்பு எறுகிப்போச்சுவே. இளகுன கையி திரும்பவும் கட்ட மாதிரி கெடக்கு. எனக்குத் தேய்க்கவே மனசு வரல" என்றார் மாடசாமி.

படம்தான் நம் ஊரை விட்டுப் போய்விட்டதே, சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"செங்கோட்டையில ஒங்க மொதலாளி கொட்டகையிலதான ஓடுது? எந்தத் தேதி வரைக்கும்னு நீரு சொல்லலயே. நான் குற்றாலநாதரச் சொல்லியாச்சு. நீரு வாங்குன ஆணைய நீருதான் விடணும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நடக்கமுடியாத மனிதன் ஒருவன் கதை கேட்டுக் கிடப்பான் என்பது கத்துகிற எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எனக்குத் தெரிந்தது வருகிற கூட்டம் மட்டும்தான். முதலாளியைக் கேட்காமல் ஆணையை விட்டால் வேலைக்கு ஆபத்து. கேட்டு வர நேரமில்லை. பசைச் சட்டியை மூடி வைத்துவிட்டு மாடசாமியோடு கிளம்பினேன்.

வாத்தியார் பலகையில் ஒருக்களித்துக் கிடந்தார். சங்கரன் வெந்நீர்ச் செம்போடு நின்றார். கதையை நிறுத்தச் சொன்னவன் நான்தான், தப்பு என்னுடையது என்று சொன்னேன். வாத்தியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நின்ற பிள்ளைகள் நிறைய இருந்திருக்கும் என்று பட்டது.

மாடசாமி என் வாயைப் பார்த்தார். "ஆணைய விட்டாச்சு. சொல்லும்" என்றேன். நானும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணெயை வைத்துக்கொண்டு மாடசாமி சொன்னார். மாலை திருட்டுப் பழியைச் சுமத்தித் தம்பி அந்தச் சமையல்காரனை மழையில் விரட்டுகிறான். அவன் தன் தகரப் பெட்டியோடு ரயில் நிலையத்துக்குப் போய் உட்காருகிறான். அப்போது தம்பியின் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, "அத்தான், சாப்பிட்டுட்டுப் போங்க" என்கிறாள். கணவனின் அண்ணனைக் கூப்பிடுகிற அந்த ஒரு சொல்லில்தான் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று புரிகிறது. மாலையும் வீட்டிலேயே கிடைத்து, அவள் சொல்லி அண்ணன் யார் என்றும் தெரிந்து, பின்னாலேயே தம்பி வருகிறான். காலில் விழவில்லை, அழவில்லை. அண்ணனுடைய தகரப் பெட்டியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து முன்னால் நடக்கிறான். அவ்வளவுதான் படம்.

மாடசாமி வாத்தியாரின் இடது தோளைப் பிடித்துப் பார்த்து, "இளகிட்டு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

வாத்தியார் வலது கையைத் தூக்கி, செம்போடு நின்ற தம்பியைக் காட்டினார். வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"இவனும்... அப்படித்தான். பேச மாட்டான். தூக்குவான்."

சங்கரன் செம்பைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அத்தனை நாள் அருவிக்கும் வீட்டுக்கும் அண்ணனை முதுகில் சுமந்தவர் அவர்தான். நான் என்ன கல்லா? எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மறுவாரம் முதலாளி செங்கோட்டையிலிருந்து வந்ததும் நடந்ததை நானே சொல்லிவிட்டேன். வண்டியை நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் நோட்டீஸ் கட்டைப் பிரித்துக்கொண்டே, அந்த மனிதர் கொட்டகைக்கு வரக்கூடியவரா என்று கேட்டார். வரமுடியாதவர் என்றேன்.

"பெறவு இத என்கிட்ட எதுக்குலே சொல்லுத? போய் வண்டியப் பூட்டு" என்றார்.

அதற்குப் பிறகு எண்ணெய் தேய்க்கப் படுக்கிற எல்லாரிடமும் மாடசாமி முதலில் ஒன்று கேட்பார்: "படத்துக்குப் போவியளா, மாட்டியளா?" போவேன் என்றவர்களுக்கு இடைவேளை வரைக்கும். போகமுடியாதவர்களுக்கு, கடைசிக் காட்சியில் திரை விழுகிற வரைக்கும்.

அந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். பார்க்கப்போகிறவனிடம் பாதியில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பார்க்கமுடியாதவனைப் பாதியில் விட்டுவிட்டு வரக்கூடாது. ஆள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கத்துகிறவனும் தப்பு, வாயைப் பொத்திக்கொள்கிறவனும் தப்பு.