கற்பூரத்துக்கு முன் ஒரு சோதனை

செல்வராணி டீச்சர் இறந்த செய்தி, நான் வரலாறு நடத்திக்கொண்டிருந்தபோது வந்தது. தலைமையாசிரியர் வாசலில் நின்று, "மாரடைப்புங்க சார், காலையில" என்றார். பாடத்தை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வகுப்பில் அவர் வேதியியல் நடத்தினால் என் வகுப்புக்கும் கேட்கும். சல்பேட், நைட்ரேட், அம்மோனியம் என்று பல்லணு அயனிகளைப் பிள்ளைகள் ராகம் போட்டு ஓதுவார்கள். "மந்திரமாட்ட இருக்குதுங்க டீச்சர்" என்று சீண்டுவேன். "பேரு சொன்னா பத்தாதுங்க சார், ஆள அடையாளம் தெரியோணும்" என்பார். சயனைடு வரும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். "அடுப்புல கெடக்கறது கரி. காத்துல இருக்கறது நைட்ரஜன். தனித்தனியா ரெண்டும் நம்ம ஊட்டு ஆளுங்க. கை கோத்துட்டா ஊட்டையே காலி பண்ணிரும் கண்ணு."

ஊர்த் தொகுப்பை 'நாடு' என்று சொல்லும் எங்கள் மலையில், ஒரு கோடையில், குண்டனி நாட்டில் வெள்ளையம்மாவின் ஆடுகள் வாயில் நுரை தள்ளி ஒவ்வொன்றாக விழுந்தன. வேலித் தகராறு இருந்ததால், விஷம் வைத்தவன் பக்கத்துத் தோட்டத்துப் பொன்னன்தான் என்று ஊர் முடிவு கட்டியது. கோயிலில் கற்பூரம் அணைத்து அவன் சத்தியம் செய்ய வேண்டும். அதன்பின் அவன் வீட்டில் ஏதாவது கெட்டது நடந்தால் குற்றம் உறுதி. அவன் மனைவிக்கோ நிறைமாதம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சர் கோபப்படவில்லை, ஆடுகள் என்ன தின்றன என்று மட்டும் கேட்டார்.

சவ்வரிசி ஆலைக்காக லாரியில் வந்த புது ரகக் குச்சிக்கிழங்கின், அதாவது மரவள்ளியின், பச்சைத் தழை. ஒன்றும் செய்யாத பழைய நாட்டுக் கிழங்கின் தழையைப் போட்டுப் பழகிய வெள்ளையம்மாவின் கை, இதையும் போட்டிருக்கிறது.

சத்தியத்தன்று நாங்கள் இருவரும் போனோம்; கோயில் வாசலிலேயே டீச்சர் அந்தத் தழையை நசுக்கிக் குடுவையில் போட்டு லேசாகச் சூடாக்கினார். இரும்புச் சல்பேட்டும் காரமும் தோய்த்த வடிதாளைக் குடுவையின் வாயில் கட்டினார். பிறகு தாளை எடுத்து அமிலத்தில் நனைத்தார். மெல்ல நீலம் படிந்தது. "சயனைடு இருந்தாத்தானுங்க இந்த நீலம் வரும். ஆட்டக் கொன்னது இந்தப் புது ரகத் தழை, பொன்னன் இல்லீங்க" என்றார்.

வெள்ளையம்மா கேட்டாள்: "அப்ப எம் புள்ளைக திங்கற கெழங்குங்க?"

"தோலச் சுத்தமா உரிச்சு, நறுக்கி, நெறையத் தண்ணியில வேக வெச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிருங்க சாமி."

திரும்பும் பஸ்ஸில் அவர் குடுவையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். "நீலம் வராம இருந்திருந்தா அந்தப் புள்ளத்தாச்சி கதி என்னங்க சார்?" என்றார்.

டீச்சரை அறிந்தவர்களே, அஞ்சலிக் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் அவர் சிரிப்பைப் பற்றிப் பேசினீர்கள். எனக்கு மிஞ்சியது அவர் பயம்தான். இப்போது எடப்புளி நாட்டில் ஆடுகள் விழுகின்றன. அங்கேயும் ஒருவன் பெயர் அடிபடுகிறது. நாளை கற்பூரம் ஏற்றுவதற்குள் குடுவையோடு நான் போய்ச் சேர வேண்டும். எனக்கு வேதியியல் தெரியாது.