முகம் தெரிந்த தொட்டி

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் திருமழிசையில் சொந்தமாகப் பெயின்ட் பட்டறை வைத்து, மேனாம்பேட்டில் குளியல் தொட்டியோடு வீடு கட்டினேன். எங்கள் தெருவில் வேறு எவன் வீட்டிலும் தொட்டி கிடையாது.

என் மனைவிக்கு மூட்டுவலி. தொட்டியில் வெந்நீர் நிரப்பி உட்கார்ந்து எழுந்தால்தான் நடக்க முடியும். தொட்டி தேய்ந்து சொரசொரப்பானதும் ஆள் கூப்பிடாமல் நானே உப்புத்தாளால் தேய்த்துப் பெயின்ட் அடித்தேன்.

"அடியில மட்டும் சொரசொரன்னே உடுய்யா, கால் வழுக்கும்" என்றாள்.

"லாரிக்கே பெயின்ட் அடிக்கிறவன் நானு. எனக்கே சொல்றியா? போய் அடுப்பப் பாரு."

பட்டறையில் அடித்த பெயின்டில் முகம் தெரிந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். தொட்டியின் அடியிலும் என் மீசை தெரியும்வரை பாலிஷ் போட்டேன்.

காய்ந்ததும் அவள்தான் முதலில் கால் வைத்தாள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு எழுந்து நடக்கவே இல்லை. தொட்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை. வேலை அத்தனை சுத்தம்.

இப்போது கட்டிலில் ஈரத்துணியால் அவள் உடம்பைத் துடைத்துவிடுவது நான்தான். முதுகுப் பக்கம் வரும்போதெல்லாம் சொல்வாள்: "நல்லா தேய்யா. உன் மூஞ்சி தெரியற வரிக்கும் தேய்."