பூஜை நாளில் ஓடிய மூன்றாவது மாடி

பதினோரு மாதம் என்னைக் கழிவுநீர் பம்ப் அறையில் உட்கார வைத்தவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

ராயபுரத்தில் ஆறு மாடி அலுவலகக் கட்டடம். கப்பல் ஏஜென்சிகள், ஒரு வங்கி. அங்கே ஏசி பிளான்ட்டில் நான் ஆபரேட்டர். கட்டட மேனேஜருக்குத் திங்கட்கிழமை காலை தன் அறை ஜில்லென்று இருக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலமே போன் செய்து, "மூணாவது மாடிய ஓட விடு" என்பார். அவருடைய ஒரே அறைக்காக ஆளில்லாத மாடி முழுக்கக் குளிரும். கரண்ட் பில் எகிறியதும் முதலாளி கேட்டார். "நான் எப்ப சொன்னேன்? இவன்தான் நிறுத்தாம வீட்டுக்குப் போயிடறான்" என்றார் மேனேஜர், என் கண் முன்னாலேயே. வாய்ப்பேச்சுக்கு ஏது சாட்சி? என்னைக் கீழே பம்ப் அறைக்குத் தூக்கிப் போட்டார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாலே குமட்டும். அங்கே உட்கார்ந்து கறுவிக்கொண்டிருந்தேன்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஆளில்லாத அறையில் விளக்கை அணைக்கும், அறைக்கு அறை குளிரை அளந்து விடும், மாலை ஏழுக்கு மாடி மாடியாக ஏசியை நிறுத்தும். முதல் மாதமே பில் இறங்கியது. மேனேஜர் தானே கண்டுபிடித்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். அவர் போனிலிருந்தே எல்லாவற்றையும் இயக்கலாம். ஆனால் யார் தொட்டாலும் பெயரும் நேரமும் பதிவாகும் என்று கம்ப்யூட்டர் மாட்ட வந்த இன்ஜினியர் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னபோது, மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டோம். மறுநாள் முதலாளி வந்து கற்பூரம் காட்டிய பிறகுதான் யாரும் தொடலாம். அவர் தெற்கத்தி வியாபாரக் குடும்பம், இதில் ரொம்பக் கண்டிப்பு. காலையில் வந்தால் மூன்றாவது மாடி ஐஸ் பெட்டியாக இருந்தது. ஏசி மோட்டாருக்குப் போட்ட மாலை பெல்ட்டில் சிக்கி நார் நாராகக் கிடந்தது.

"இவன் வேலைதான் சார்" என்று மேனேஜர் கூசாமல் என்னைக் காட்டினார்.

"சாமி கும்புட்ட மிஷின நான் தொடுவனா மொதலாளி? இன்னா பேச்சு இது! கம்ப்யூட்டர்ல பேரு கீது, தொறந்து பாருங்க" என்றேன்.

திறந்தார்கள். முந்தின நாள் மாலை, மேனேஜரின் பெயர். அதற்குக் கீழே வரிசையாக ஞாயிற்றுக்கிழமைகள், அவற்றிலும் அதே பெயர். முதலாளி தரையில் கிடந்த மாலையைப் பார்த்தார். "என்ன வே, சாமி காரியத்துலயும் பொய்யா?" என்றார். அன்றே மேனேஜரின் போனிலிருந்து அந்த வசதி போயிற்று. நான் பிளான்ட்டுக்குத் திரும்பினேன்.

இப்போது கம்ப்யூட்டர் என் கையில். எல்லா அறைக்கும் இருபத்துநாலு டிகிரி. மேனேஜர் அறைக்கு மட்டும் இருபத்தெட்டு. போன வாரம் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, இறங்கி வந்து என் எதிரில் நின்றார். "கொஞ்சம் குறைச்சு வைப்பா."

"கரண்ட்டு மிச்சம் பண்ணிகினு கீறோம் சார்" என்றேன்.

அந்த இருபத்தெட்டை யார் வைத்தது என்று தேடினால் என் பெயர்தான் வரும். வரட்டும்.