கைப்பிடிக்குள் மீன்தண்ணீர்

பேசாலை நிறஞ்சலாவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பது பெரிய செய்தியல்ல. மன்னார்த் தீவில் இன்றைக்கு அது தெரிந்த பெண்கள் ஏராளம். அவர்களில் கணிசமானவர்கள் அவளிடம் பழகியவர்கள்தான். செய்தி என்னவென்றால், விழுந்த சைக்கிளைப் பார்த்து அது எப்படி விழுந்தது என்று அவளால் சொல்ல முடியும். நின்ற நிலையில் சரிந்ததா, திருப்பும்போது சாய்ந்ததா, பிரேக்கை நம்பிச் சறுக்கியதா என்று கீறலை விரலால் தடவியே சொல்லிவிடுவாள். பதினொரு வருஷத்தில் முந்நூறு பெண்களுக்கு மேல் பழக்கியிருக்கிறாள். ஒருமுறைகூடச் சைக்கிளை விழுத்தாதவர்கள் அவர்களில் மூன்று பேர். அந்த மூன்று பேரின் ஓட்டத்தில் மட்டும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

கடற்கரைக்குப் போகும் வழியில் கிடந்த மணல் நிலம்தான் வகுப்பு. முதல் பாடம் ஓட்டுவதல்ல, தூக்குவது.

"விழுந்த உடன ஸ்ரார்ட் பண்ணாதேங்கோ. திறப்பைத் திருப்பி ஓஃப் பண்ணுங்கோ. முதுகைச் சீற்றில குடுத்துக் குந்துங்கோ. இடுப்பால தூக்காதேங்கோ, காலால பின்னுக்கு நடவுங்கோ. நிமித்தினாப்பிறகு அஞ்சு நிமிஷம் விடுங்கோ, ஒயில் கீழ இறங்கட்டும். அந்த அஞ்சு நிமிஷமும் அழுறவை அழலாம்."

அந்த நிலத்துக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. விழுத்தியவள் எல்லாருக்கும் முன்னால் "நான்தான் போட்டனான்" என்று சொல்லவேண்டும். சொன்னவளே திருத்தவேண்டும்: திரும்பிய ஹாண்டிலை, முன்சில்லை முழங்காலுக்குள் இறுக்கிப் பிடித்து நேராக்க வேண்டும், வளைந்த கால்மிதியை இரும்புக் குழாய் போட்டு நிமிர்த்த வேண்டும், உடைந்த லீவரைக் கழற்றிப் புதியது பூட்டவேண்டும். திருத்தி முடித்தவளுக்கு மற்றவர்கள் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுக்கவேண்டும். விழுந்தவர்களுக்குத் தண்டனையும் விருந்தும் ஒன்றாகவே கிடைக்கிற இடம் தீவில் வேறு இல்லை. இந்தச் சட்டத்தில் மன்னிப்புக் கிடையாத குற்றம் ஒன்றுதான், ஒளித்தல்.

இந்த வருஷம் வகுப்புக்கு இரண்டாவது சைக்கிள் தேவைப்பட்டது. நீர்கொழும்பில் இருந்த ஒன்றுவிட்ட தமையன் தன்னுடையதை விற்கச் சம்மதித்தான். அதைக் கொண்டுவருவதில் சிக்கல் எதுவும் இல்லை. பேசாலையிலிருந்து மீன் ஏற்றிப் போகும் லொறி வெறும் லொறியாகத்தானே திரும்பி வரும்? அந்தோனிமுத்துவின் லொறியில் அவளுடைய கணவன் டிலுக்சன் கூடப்போய் ஏற்றிக்கொண்டு வருவதென்று ஏற்பாடு.

போவதற்கு முன் அவள் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, ஸ்ராண்டில விட்டிட்டு வராதேங்கோ. முன்சில்லு லொறியின்ர முன் தட்டியில முட்டோணும். முன் ஷொக் ரெண்டும் பாதி அமரும் மட்டும் இழுத்து, நாலு பக்கமும் இறுக்கிக் கட்டோணும். கயிறு உரஞ்சிற இடத்தில பழைய சாரத் துணியைச் சுத்துங்கோ."

டிலுக்சன் பதினைந்து வயதிலிருந்து கடற்றொழில் செய்பவன். கண்ணை மூடிக்கொண்டு பத்துவிதமாக முடிச்சுப் போடுவான். "கயிறு கட்ட எனக்குச் சொல்லித் தாறாய்? நாளைக்குப் பூசை வைக்கப் பங்குச் சுவாமிக்கும் சொல்லிக் குடு" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். கயிற்று விஷயத்தில் அவனை விடத் தெரிந்தவர் யார்?

சைக்கிள் வந்திறங்கிய வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் இல்லை. மாமியாரின் நேர்த்திக்கடனுக்காக மடு மாதா கோயிலுக்குப் போய் இரண்டு இரவு தங்கினாள். சனிக்கிழமை வகுப்பை நடத்தும் பொறுப்பை எருக்கலம்பிட்டி றிஸ்மினாவிடம் கொடுத்திருந்தாள். றிஸ்மினாவுக்கு இருபத்தொன்பது வயது. முசலிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்திருந்தது. அங்கே போகும் பஸ் முதல் பாடம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும். அடுத்த தவணைக்குள் லைசன்ஸ் எடுக்காவிட்டால் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு அந்த ஊரிலேயே அறை எடுக்கவேண்டும். வகுப்பில் அவளைப்போல் கவனமாக ஓடுகிறவள் இல்லை. இரண்டுதரம் விழுத்தி, இரண்டுதரமும் சொல்லி, இரண்டுதரமும் தேத்தண்ணீர் குடித்தவள்.

திங்கட்கிழமை காலை நிறஞ்சலா புதுச் சைக்கிளைப் பார்த்தாள். வலப்பக்கம் முழுக்கக் கீறல். பிரேக் லீவரின் நுனி முறிந்திருந்தது. மிதி மேலே வளைந்திருந்தது. ஹாண்டில் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"ஆர் போட்டது?"

றிஸ்மினாதான் முன்னுக்கு வந்தாள். "மிஸ், டிலுக்சன் சேர் சனிக்கிழமை மற்றவங்க வர முந்தி கொண்டுவந்து தரக்குள்ளயே இப்பிடித்தான் இருந்தது."

"அப்ப ஏன் எனக்குப் போன் எடுக்கேல்ல?"

"நீங்க மடுவில பூசையில இருப்பீங்க எண்டு எடுக்கல்ல."

நிறஞ்சலா அங்கே நின்றபடியே கணவனுக்கு அழைப்பெடுத்தாள். "நான் பூ மாதிரிக் கொண்டுவந்து குடுத்தனான்" என்றான் டிலுக்சன். "வகுப்பில ஆரோ போட்டிருப்பாளவை. உனக்குத் தெரியாததே?"

அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டியதுதான். மணலில் விழுந்த சைக்கிளில் அப்படிக் கீறல் வராது. மணல் மினுக்கத்தை மங்கவைக்கும், கோடு போடாது. இரும்புத் தட்டில் உரஞ்சினால்தான் இப்படி நேர்க்கோடு விழும். முந்நூறு பெண்கள் விழுத்தியதைப் படித்த கண் அதைப் பார்த்தது. ஆனால் கண் பார்த்ததைக் காது கேட்டதோடு ஒத்துப்பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பதினான்கு வருஷம் கூட வாழ்ந்த மனிதனின் பேச்சை எவள் கீறலாகத் தடவிப் பார்க்கிறாள்?

"றிஸ்மினா, போட்டதுக்கு இஞ்ச ஒருத்தரும் ஏச மாட்டினம். சொல்லிப்போடும்."

"வல்லாஹி, நான் போடல்ல மிஸ்."

"சத்தியம் எல்லாம் வேண்டாம். ஒளிக்கிறவைக்குத்தான் அது தேவைப்படுறது."

"அப்ப என்ன சொல்லச் சொல்றீங்க? செய்யாததைச் செய்தன் எண்டா?"

"பொய் சொல்லுறவைக்கு நான் பழக்கிறதில்லை. திறப்பைத் தந்திட்டுப் போம்."

அங்கே ஏழு பெண்கள் நின்றார்கள். றிஸ்மினா திறப்பைக் கையில் கொடுக்கவில்லை. சீற்றில் வைத்துவிட்டுப் போனாள்.

விழுத்தியவளே திருத்தவேண்டும் என்பது சட்டம். ஆகவே சைக்கிள் மூன்று கிழமை வளைந்தபடியே நின்றது, யாரும் தொடாத சாட்சிப் பொருளாக. அதிலிருந்து ஒரு வாடை வந்தது. ஆனால் பேசாலையில் மீன்வாடை எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பவர்கள் வெளியூர்க்காரர்தான்.

ஓட்டப் பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது வேறு வழியின்றி நிறஞ்சலாவே ஸ்பனர் சாவிப்பெட்டியுடன் குந்தினாள். மிதியை நிமிர்த்தினாள். ஹாண்டிலை நேராக்கினாள். லீவரை மாற்றும்போது வலது கைப்பிடி ரப்பரின் நுனி கிழிந்திருப்பதைப் பார்த்து அதையும் இழுத்துக் கழற்றினாள். கறுத்த, கொழகொழத்த தண்ணீர் அவளுடைய முழங்கையில் வழிந்தது. அழுகிய மீனின் நாற்றம். உள்ளங்கையில் இரண்டு மீன்செதில்கள் ஒட்டிக்கொண்டு மினுங்கின.

வகுப்பு நிலத்தில் மீன் கிடையாது. கைப்பிடிக்குள் தண்ணீர் போகவேண்டுமானால் சைக்கிள் தண்ணீரில் படுத்திருக்கவேண்டும். ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷமல்ல, நெடுநேரம். இதைக் கணக்குப் போட அவளுக்குக் கன நேரம் செல்லவில்லை. பிறகும் அவள் கையைக் கழுவாமல் அப்படியே குந்தியிருந்தாள்.

அந்தோனிமுத்து மீன் ஏற்றும் இடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டு நின்றார்.

"முத்து மாமா, நீர்கொழும்பால வரேக்க சைக்கிள் விழுந்ததோ?"

"என்ன பிள்ளை, இப்பத்தான் கேக்கிறாய்? டிலுக்சன் சொல்லேல்லையே?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "மதவாச்சிச் சந்தியில திரும்பேக்க 'தொம்' எண்டொரு சத்தம். பலமா இறுக்குவம் தம்பி எண்டு நான் ஏத்தேக்கயே சொன்னனான். அவன் கேக்கேல்ல. 'இறுக்கினா அறும் அண்ணை, ஆட இடம் விடோணும்' எண்டான். படகெண்டால் அவன் சொல்லுறது சரிதான். அலைக்கு ஆடாட்டிக் கயிறு அறும். நான் லொறிக்காரன், கடலுக்குப் போறவனுக்குக் கயிறு படிப்பிக்கேலுமோ?"

"விழுந்தாப்பிறகு நிப்பாட்டித் தூக்கேல்லையோ?"

"நிப்பாட்டுவம் எண்டன். 'விழுந்தது விழுந்திட்டுது, இனி அதுக்கு விழ இடமில்லை, நீங்கள் விடுங்கோ' எண்டான். அதுவும் ஒரு நியாயம்தானே?"

"அப்ப மன்னாருக்கு வருமட்டும்..."

"ராசா மாதிரிப் படுத்துக்கொண்டு வந்தது. கீழ மீன் ஏத்தின ஐஸ்தண்ணி வேற."

அன்று பின்னேரமே அவள் எருக்கலம்பிட்டிக்குப் போனாள். றிஸ்மினா வாசலில் நின்றே கேட்டாள், உள்ளே கூப்பிடவில்லை. மச்சானின் ஸ்கூட்டியில் பழகிக்கொண்டிருப்பதாகவும் பரீட்சைக்கு அதிலேயே போகப்போவதாகவும் சொன்னாள்.

"என்ர பிழை றிஸ்மினா. திரும்பி வாரும். மிச்ச நாலு நாளும் உமக்கு மட்டும் பழக்கிறன்."

"நீங்க என்னைப் பொய்க்காரி எண்டது இந்த வாசல்ல வைச்சு இல்ல மிஸ். ஏழு பேருக்கு முன்னால. ஆர் போட்டாங்களோ அவங்க அந்த ஏழு பேருக்கு முன்னால சொல்லட்டும். உங்கட சட்டம்தானே?"

சட்டம் போட்டவள் நேரே வீட்டுக்குத் திரும்பினாள்.

டிலுக்சன் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். அவள் இரண்டு செதில்களையும் அவன் முன்னால் வலையில் வைத்தாள். அவன் அவற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு ஊசியில் நூல் கோத்தான்.

"முத்தண்ணையோ சொன்னது?"

"முதல் சைக்கிள் சொன்னது. ஏனப்பா ஒளிச்சனீங்கள்? விழுந்திட்டுது எண்டு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன கொல்லுவனோ? நாளுக்கு ரெண்டு சைக்கிள் விழுறதைப் பார்க்கிறவள் நான்."

"சைக்கிள் விழுந்தது எண்டு சொல்லலாம்" என்றான் அவன். "நான் கட்டின கட்டு நிக்கேல்ல எண்டு என்னெண்டு சொல்லுறது? அதுவும் நீ முதலே சொல்லி, நான் சிரிச்சாப்பிறகு."

"நாளைக்கு வகுப்புக்கு வந்து சொல்லுங்கோ. ரெண்டே ரெண்டு சொல்லுத்தான்."

"அந்தப் பொம்பிளையளுக்கு முன்னாலயோ? பின்னேரத்துக்குள்ள கரை முழுக்கச் சிரிக்கும். டிலுக்சனுக்குக் கயிறு கட்டத் தெரியாதாம் எண்டு."

"அதுக்காக ஒரு பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கினீங்களே!"

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "பொய்க்காரி எண்டு சொன்னது நீ. நான் ஆரையும் பேர் சொல்லேல்ல."

அது உண்மை. அவன் சொன்ன பொய்யைவிட அந்த உண்மைதான் அவளுக்கு அதிகம் வலித்தது. அவன் வாயில் ஒரு பெயரும் வரவில்லை. பெயரைக் கண்டுபிடித்து அதன்மேல் குற்றத்தைக் கட்டி இறுக்கியது அவள். அந்தக் கட்டு மட்டும் மூன்று கிழமை அசையாமல் நின்றது. அவளுடைய உண்மைப் பற்றை எங்கே கொண்டுபோய் முட்டவிடலாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கடலில் நீரோட்டம் தெரிந்த மாதிரி.

மறுநாள் காலை அவன் விடியல் வெள்ளாப்புக்கு முன்னமே தொழிலுக்குப் போய்விட்டான். நிறஞ்சலா ஏழு பெண்களையும் வட்டமாக நிற்கவைத்தாள்.

"அண்டைக்கு இந்தச் சைக்கிளைப் போட்டது என்ர மனுசன். ஒளிச்சது அவர். அதை நம்பி றிஸ்மினாவைக் கலைச்சது நான். அவள் சொன்னது முழுக்க உண்மை."

பழக்கதோஷத்தில் ஒருத்தி, "அப்ப மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி..." என்று தொடங்கி, பக்கத்தில் நின்றவளின் முழங்கை பட்டதும் நிறுத்திக்கொண்டாள். இன்னொருத்தி இதையெல்லாம் போனில் பதிந்திருந்தாள். அது மத்தியானத்துக்குள் எருக்கலம்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பதில் வரவில்லை. சொல்லவேண்டியவர் சொல்லவில்லையே.

பரீட்சை நாளன்று நிறஞ்சலா தன் மாணவிகள் நான்கு பேருடன் மைதான ஓரத்தில் நின்றாள். றிஸ்மினா மச்சானின் ஸ்கூட்டியில் வந்தாள். எட்டுப் போட்டாள், கால் ஊன்றவில்லை. ஒடுங்கிய பலகையில் ஏறி இறங்கினாள், தடுமாறவில்லை. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றும்போது நிறஞ்சலாவைக் கண்டாள். ஒருதரம் தலையை அசைத்தாள், கடைக்காரருக்கு அசைப்பதுபோல. "மிஸ்" என்று கூப்பிடவில்லை. மச்சான் பின்னால் ஏற, ஸ்கூட்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனாள்.

டிலுக்சன் அடுத்த நாள் வழக்கத்துக்கு முந்தி வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தான்.

"அந்தப் பிள்ளை பாஸாமே?"

"ஓம்."

"அப்ப பிரச்சினை முடிஞ்சுதுதானே." அவன் முகத்தில் உண்மையான நிம்மதி. "சோத்தைப் போடு. இண்டைக்குக் காத்துக் கூடிப்போச்சு, கடலுக்கு இறங்கேலாது."

பதினான்கு வருஷமாக அவன் இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் சோறுதான் போட்டிருக்கிறாள். இன்றைக்கு அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு, படலையைத் திறந்து, கடல் தெரியும் இடம்வரை நடந்தாள். கடல் வெள்ளை வெள்ளையாகக் குமுறிக்கொண்டிருந்தது. படகுகள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. அவன் சொன்னது உண்மைதான்.

திரும்பி வந்து சோற்றைப் போட்டாள். அடுத்த நாளும் போய்ப் பார்த்தாள்.