அறுபது கிலோ என்று ஒரு விதி

வண்ணார்பேட்டையில் ஒரு வாழைத்தார் மண்டி. அதன் பின்னால் பழம் பழுக்க வைக்க ஓர் அறை. ஆற்றுப் பக்கம் மாடி வைத்த வீடு. இரண்டு லாரி. மூன்று பெண்பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு. இத்தனையும் தார் சுமந்த தோளை வைத்து நான் உண்டாக்கியவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், அந்த ஐந்தாம் வகுப்பும் முழுசாக இல்லை. இவன் எங்கே உருப்படப் போகிறான் என்று சொன்ன சொந்தக்காரர்கள் பிற்பாடு என் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்திக்கு இடம் பிடித்தார்கள். இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்றை நானே சேர்த்துவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி வரை, எண்பது கிலோமீட்டருக்கு மேல், ஒரே நாளில் ஓடிச் சேர்ந்த ஒரு மனிதன். அவனை உண்டாக்கியதும் நான்தான்.

எங்கள் ஊர் ஓட்டக் கழகம் முப்பதாவது ஆண்டு மலர் ஒன்று போட்டிருக்கிறது. அதில் அந்த ஓட்டத்துக்கு நாலு பக்கம். பயிற்சி, உணவு முறை, எடைக் கணக்கு எல்லாம் பயிற்சியாளர் வகுத்தது என்று எழுதியிருக்கிறார்கள். என்னைப் பற்றி ஒரே வரி: வாழைப்பழம் வழங்கி உதவியவர். அந்த வரியைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பயிற்சியாளர் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஆற்றங்கரைக் கிராமத்துப் படித்த குடும்பம். கால் எடுத்து வைப்பது, மூச்சு விடுவது, கையை எங்கே வைத்துக்கொள்வது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அறுபது கிலோவுக்கு மேல் இருக்கிறவன் நெடுந்தூரம் ஓட லாயக்கில்லை என்று ஒரு விதி வைத்திருந்தார். கன்னியாகுமரி ஓட்டத்துக்கு நாலு பேரைத்தான் எடுப்பார். அந்த நாலு பேரும் அறுபதுக்குள் இருக்க வேண்டும். கழகத்தில் தராசு கிடையாது. அதனால் சனிக்கிழமை விடிந்ததும் ஓட்டக்காரர்களை என் மண்டிக்குக் கூட்டி வந்து, தார் நிறுக்கும் எடைமேடையில் ஒவ்வொருவராக ஏற்றுவார். எடையை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்.

அவர்களில் ஒருவன் தபால்காரன். முப்பது வயது. ராதாபுரத்துக்குத் தெற்கே கடற்கரை ஊர், அப்பனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். குடும்பத்தில் இவன் ஒருத்தன்தான் உள்நாட்டுக்கு வேலைக்கு வந்தவன். கன்னியாகுமரிக்கு ஓடியே வந்து சேருவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தான். அம்மை அங்கே வந்து நிற்பதாகவும் ஏற்பாடு. ஆனால் அவன் எடை அறுபத்து மூன்றுக்குக் கீழே இறங்க மறுத்தது.

ஒரு சனிக்கிழமை எடைமேடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. எச்சிலைக் கைக்குட்டையில் துப்பித் துப்பி மடித்துக்கொண்டிருந்தான்.

"என்னலே, வாயி ஒட்டிக்கிட்டு கெடக்கு. தண்ணி குடி."

"எடை பாத்தபொறவு குடிக்கேன் அண்ணாச்சி."

"எப்ப குடிச்ச கடைசியா?"

"நேத்து மத்தியானம்."

"ஏலே, நீ மனுசனா கருவாடா?"

"கருவாடா இருந்தா எங்க ஊர்ல வெல போகும் அண்ணாச்சி. இங்கன அறுவதுக்குள்ள வந்தாத்தான் நம்மள ஏறெடுத்துப் பாப்பாக."

மேடையில் ஏறினான். அறுபத்து ஒன்றரை. வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீரா அண்ணாச்சி, ஒரே வாரத்துல ஒண்ணரை கிலோ. நம்ம சாப்பாட்டுத் திட்டம் வேலை செய்யுது."

வெட்டி இறக்கிய தாரை இரண்டு நாள் கழித்து நிறுத்தால் எடை குறைந்திருக்கும். ஒரு காய் உதிர்ந்திருக்காது. போனது தண்ணீர். மண்டி கூட்டுகிறவருக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. செம்பில் தண்ணீர் மோந்து அவன் கையில் கொடுத்தேன். அண்ணாந்து ஒரு சொட்டு விடாமல் குடித்தான். இன்னொரு செம்பு. திரும்ப மேடையில் ஏறச் சொன்னேன். முள் அறுபத்து மூன்றுக்குப் போய் நின்றது.

"சார், உங்க திட்டம் ரெண்டு செம்புத் தண்ணியில அழிஞ்சு போச்சே."

"அண்ணாச்சி, தார் வேற, ஆள் வேற. இது சயின்ஸ்."

"தராசு ஒண்ணுதான சார்."

அன்றைக்கு அவருக்கு என்மேல் விழுந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அவர் திட்டம் என்னவென்றால், தினமும் முப்பது கிலோமீட்டர் ஓட்டம், ராத்திரி இரண்டு சப்பாத்தி, சோற்றைத் தொடக் கூடாது. தபால்காரன் விடியுமுன் ஓடிவிட்டு, பகல் முழுக்க சைக்கிள் மிதித்துக் கடிதம் கொடுக்கிறவன். உடம்பு என்னத்தைத்தான் செய்யும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்குநேரி வரை ஓட விட்டார்கள். நான் மொபெட்டில் பின்னால் போனேன். கோயில் கோபுரம் கண்ணில் படுகிற இடத்தில் அவன் மைல் கல்லில் உட்கார்ந்தான். பிறகு படுத்துவிட்டான். தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். அரை டம்ளர் கடுங்காப்பி என்றான். தூக்குவாளியில் நான் வைத்திருந்த உப்புப் போட்ட பழைய சோற்று நீத்தண்ணியைப் பைய வாயில் ஊற்றி, கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடிக்கக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான். பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன்.

மறுநாள் வாத்தியார் சொன்னார், அவனுக்கு மனதில் உறுதி போதாதாம்.

"மனச நீங்க நிறுக்கவே இல்லையே சார், ஒடம்பத்தான நிறுத்தீய" என்றேன். இனிமேல் என் மேடையில் வாழைத்தாரைத் தவிர எதையும் ஏற்றக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவர் எல்லோரையும் ஜங்ஷன் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய், காசு போட்டால் அட்டை தருகிற எடை இயந்திரத்தில் ஏற்றினார். தபால்காரனுக்கு அறுபத்து நாலு வந்தது. அட்டையின் பின்னால் ஜோசியம் வேறு. நீர் பிறருக்குப் பிரியமானவர் என்று போட்டிருந்தது. பிரியமானவனை வாத்தியார் அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்.

நேரே மண்டிக்கு வந்தான். அட்டையை என் மேசையில் வைத்தான்.

"ரோடு யாருக்குலே சொந்தம்?" என்று கேட்டேன்.

"கவர்மெண்டுக்கு."

"அப்ப அதுல ஓடுறதுக்கு வாத்தியார்ட்ட என்னத்துக்குலே கேக்கணும்?"

அன்றிலிருந்து அவன் என் ஆள். நான் படித்து எதையும் செய்யவில்லை, சுமை தூக்கித் தெரிந்துகொண்டதைச் செய்தேன். லோடு இறக்கிய மறுநாள் சுமைக்காரனுக்கு லேசான வேலைதான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்றாம் நாள் அவன் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதே மாதிரி ஒரு நாள் நல்ல ஓட்டம், மறுநாள் சும்மா நடை, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. முதலில் வாரத்துக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவேன், நாலாவது வாரம் இறக்கிவிடுவேன். மொபெட் மீட்டரைப் பார்த்துக் காலண்டர்த் தாளின் பின்னால் எழுதுவேன். வாரம் நூறு தொட மூன்று மாதம் ஆனது. முதல் சில கிலோமீட்டர் நானும் கூட ஓடினேன். அப்போது நான் எண்பத்திரண்டு கிலோ. ரோட்டில் போகிறவன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் எடைமேடை விதியை அவனுக்காக மட்டும் தளர்த்தினேன். ஞாயிறு ஓட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. சில நாள் இரண்டு கிலோ குறையும். அவ்வளவு வேர்வை போயிருக்கிறது, அவ்வளவையும் உப்போடு குடித்துத் திரும்ப ஏற்ற வேண்டும். கொழுப்பு எது, தண்ணீர் எது என்று பிரித்துப் பார்த்தது அந்த மண்டியில்தான். மூன்று வேளையும் சோறு சாப்பிட்டான். எடை அறுபத்து நாலை விட்டு அசையவில்லை. ஆனால் பெல்ட் இரண்டு துளை உள்ளே போனது, தொடை இறுகியது. வாத்தியாரின் நோட்டில் அதற்கு இடம் கிடையாது.

நானும் ஒரு தப்பு செய்தேன், மறைக்கமாட்டேன். ஒரு நாள் தெம்புக்கு என்று கிளம்புகிற நேரத்தில் நல்லெண்ணெய் ஊற்றிக் கிண்ணம் நிறைய உளுந்தங்களி கொடுத்துவிட்டேன். மூன்றடைப்பு தாண்டுவதற்குள் அத்தனையையும் ரோட்டோரம் வாந்தியெடுத்தான். "அண்ணாச்சி, வாத்தியார் பட்டினி போட்டுக் கொல்லப் பாத்தாரு, நீங்க தின்னக் குடுத்துக் கொல்லப் பாக்கீய" என்றான். அதற்குப் பிறகு களி முந்தின நாள் மதியத்தோடு சரி. காலையில் இரண்டு பழம். ஓடும்போது அரை மணிக்கு ஒரு தடவை அரைப் பழம், இல்லாவிட்டால் கருப்பட்டித் துண்டு. பசிக்கும் வரை காத்திருக்கக் கூடாது.

ஆனி மாதம் ஓட்டம் நடந்தது. வாத்தியாரின் நாலு பேர் பனியன் போட்டு முன்னால் நின்றார்கள். எங்கள் ஆள் வெறும் வெள்ளை பனியனில், நம்பர் இல்லாமல், பத்தடி தள்ளி நின்றான். நான் மொபெட்டில் தூக்குவாளியும் பழக்கூடையுமாக. வள்ளியூர் வரைக்கும் நாலு பேரும் முன்னால்தான். பணகுடி தாண்டியதும் மேற்கேயிருந்து காற்று அடித்தது. அந்தக் காற்றுக்காகத்தான் அப்போது அங்கன காற்றாலை நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒட்டிய வயிறோடு காற்றுக்கு எதிரே எவன் நிற்பான். இரண்டு பேர் காவல்கிணறுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் கொஞ்ச தூரம் போய், பின்னால் வந்த கழகத்து வேனில் ஏறினான். நாலாவது ஆள் நடந்தான். எங்கள் ஆள் அரைப் பழத்தை மென்றுகொண்டே அவனைத் தாண்டிப் போனான்.

கடல் தெரிகிற இடத்தில் அவன் அம்மை நின்றாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். கூட வந்திருந்த அண்ணன் சொன்னான். "ஏலே, எங்க கூட வள்ளத்துல வந்திருந்தா எப்பவோ வந்திருக்கலாம்லா." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், பிறகு உட்கார்ந்து அழுதான்.

அதற்குள் வாத்தியார் வேனிலிருந்து இறங்கி வந்தார். கழகத்துப் பனியன் ஒன்றை எடுத்து அவன் தலைவழியாக மாட்டி, தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். மொபெட்டுக்கு ஸ்டாண்டு சரியில்லை. பிடித்துக்கொண்டு நின்ற நான் படத்தில் இல்லை. அடுத்த வருசம் அறுபது கிலோ விதியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓடுமுன் ஒரு எடை, ஓடியபின் ஒரு எடை என்பது கழகத்தின் முறை ஆகிவிட்டது.

மலர் வந்த பிறகு கழகச் செயலாளருக்குப் போன் போட்டேன். சின்ன வயது, மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணாச்சி, ஆதாரம் ஏதாவது இருந்தா குடுங்க, பாப்போம்" என்றார். தபால்காரன் ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறான், அவனைக் கேட்கலாம். வாத்தியாரும் திடமாக இருக்கிறார், அவரையும் கேட்கலாம். என் முகத்துக்கு நேரே அவர் இல்லை என்று சொல்லட்டும்.

மலரைத் திரும்ப அச்சடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதில் இப்படி வர வேண்டும்: பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஓட்டக்காரரைத் தன் பொறுப்பில் எடுத்து, வாராந்தர ஓட்டத் தூரம் வகுத்து, உணவு கொடுத்து, எடை பார்த்து, கன்னியாகுமரி கொண்டு சேர்த்தவர் வண்ணார்பேட்டை வாழைத்தார் மண்டிக்காரர். என் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லவில்லை. வாத்தியார் பெயரை எந்த அளவு எழுத்தில் போடுகிறார்களோ, அதே அளவில் போட்டால் போதும்.